மூன்று வாய், நான்கு சிலிண்டர்: ஃபோர்டு பிளாட்ஹெட் வி8 இன்ஜின், ஒரு நிகழ்வு ஆய்வு

ஃபோர்டு பிளாட்ஹெட் வி8 இன்ஜின் ஒன்றைக் கழற்றித் தரையில் வைத்து, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். வி வடிவில் சாய்ந்த இரு பக்கம், ஒரு பக்கத்துக்கு நான்கு சிலிண்டர்கள். ஆனால் புகை வெளியேறும் வாய்களை எண்ணினால் மூன்றுதான் வரும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களுக்கும் பொதுவாக ஒன்று. அமெரிக்க ஹாட் ராட் வரலாற்றின் முதல் இருபது ஆண்டுகளைப் புரிந்துகொள்ள இந்த மூன்று வாய்களிலிருந்து தொடங்குவதுதான் சரி.

பழைய, விலை மலிந்த காரை வாங்கி, மட்கார்டு, பானெட், ஃபுட்போர்டு எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைத்து, இன்ஜினைத் தன் கையால் மாற்றி வேகம் கூட்டினால் அது ஹாட் ராட். கூரையை வெட்டித் தாழ்த்தி, உடலைத் தரையோடு ஒட்டவைத்து, இணைப்புகளை ஈயத்தால் நிரப்பி அழகுக்காகச் செய்தால் அது கஸ்டம். இரண்டுக்கும் தெற்கு கலிஃபோர்னியாதான் தாய்வீடு. அங்கே 1930களிலும் 40களிலும் விற்பனைக்கு வந்த வேகப் பாகங்களைப் பரப்பி வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவை இந்த ஒரே பிளாக்கின் (சிலிண்டர்கள் அமைந்த இரும்பு உடல்) ஏதாவதொரு குறைக்குச் செய்த மருந்து என்பது தெரியும்.

1932: ஒரே வார்ப்பு

ஃபோர்டு இந்த இன்ஜினை 1932 மார்ச் 31 அன்று வெளியிட்டது. அதற்கு முன்பும் வி8 இருந்தது. ஆனால் பெரும்பாலும் விலை உயர்ந்த கார்களில். பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டைத் தாங்கும் கிராங்க்கேஸைத் தனியாகவும் சிலிண்டர் பிளாக்குகளைத் தனியாகவும் வார்த்து, போல்ட் போட்டு இணைப்பதே பெரும்பாலும் வழக்கம். கூலியும் நேரமும் அதிகம். எட்டு சிலிண்டரையும் கிராங்க்கேஸையும் ஒரே வார்ப்பாக எடுத்தால்தான் சாதாரண ஆள் வாங்கும் விலைக்கு வரும் என்பது ஹென்றி ஃபோர்டின் பிடிவாதம். கார்ல் ஷுல்ட்ஸ், ரே லேர்ட், எமில் ஸோர்லைன் ஆகிய பொறியாளர்கள் கிரீன்ஃபீல்ட் அருங்காட்சியகக் கிராமத்தில், எடிசனின் பழைய ஆய்வுக்கூடக் கட்டடத்தில் உட்கார்ந்து வடிவமைத்தார்கள். திறந்த ரோட்ஸ்டர் வகை வி8 காரின் விலை 460 டாலர்.

போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 3 1/16 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3 3/4 அங்குலம், கொள்ளளவு 221 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.6 லிட்டர். திறன் 65 குதிரை. 1933-இல் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் அலுமினியத்தில் வந்து 75 ஆனது. 1934-இல் இரட்டைக் குழல் கார்புரேட்டரும், கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் புதிய மேனிஃபோல்டும் சேர்ந்து 85 ஆனது. 1939-இல் தன் இன்னொரு ரகமான மெர்குரி காருக்காக போரை 3 3/16 ஆக்கி 239 கன அங்குலத்துக்குக் கொண்டுபோனார்கள். 1946 முதல் ஃபோர்டு கார்களுக்கும் அதே 239, 100 குதிரை. 1949 முதல் 1953 வரையிலான மெர்குரிக்கு 4 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க், 255 கன அங்குலம்.

ஒரே வார்ப்பு என்பது மலிவுக்கு வழி. அதற்குக் கொடுத்த விலையும் அதற்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் ஓடும் பாதை, புகைப்பாதை, வால்வு அறை எல்லாவற்றுக்கும் மணலில் கரு (உள்ளே வெற்றிடம் விடுவதற்கான வடிவம்) செய்து அச்சுக்குள் நிறுத்த வேண்டும். உருகிய இரும்பு பாயும்போது ஒரு கரு கொஞ்சம் நகர்ந்தாலும் சிலிண்டர் சுவர் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்துவிடும். கருவைத் தாங்கிய கம்பியும் எரிந்த மணலும் தண்ணீர்ப் பாதையிலேயே தங்கிவிடும். எண்பது ஆண்டுக்கு முன் வார்த்த மணல் இன்றும் பல பிளாக்குகளுக்குள் கிடக்கிறது.

குறைகள் எங்கே, ஏன்

பிளாட்ஹெட்டில் வால்வுகள் ஹெட்டில் இல்லை. சிலிண்டருக்குப் பக்கத்தில், வி-யின் உட்புறமாக, பிளாக்கிலேயே மேல்நோக்கி நிற்கின்றன. ஹெட் வெறும் மூடிதான். வி-யின் உள்ளே பிறக்கும் புகை இன்ஜினின் வெளிப்பக்கத்துக்கு வந்தாக வேண்டும். அதற்கு ஒரே வழி பிளாக்கைக் குறுக்கே கடப்பது. எரிந்து முடித்த வாயு சிலிண்டர்களுக்கு இடையிலும் ஓரங்களிலும் நீண்ட பாதையில் ஊர்ந்து, போகும் வழியெல்லாம் தண்ணீரைச் சூடாக்குகிறது. மற்ற இன்ஜினில் சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூட்டில் ஒரு பங்கை இங்கே ரேடியேட்டர் சுமக்கிறது. ‘பிளாட்ஹெட் என்றாலே கொதிக்கும்’ என்ற பேச்சுக்கு மூலம் இதுதான்.

நடு வாயில் இன்னொரு சிக்கல். தீப்பிடிக்கும் வரிசை 1-5-4-8-6-3-7-2. வலப்பக்கம் 1 முதல் 4, இடப்பக்கம் 5 முதல் 8. நடு வாயைப் பகிர்பவை 2-ம் 3-ம். மறுபக்கம் 6-ம் 7-ம். வரிசையில் பாருங்கள்: 3-க்குப் பிறகு ஒன்று விட்டு 2, 6-க்குப் பிறகு ஒன்று விட்டு 7. இரண்டுக்கும் இடைவெளி கிராங்கின் 180 டிகிரி. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வோ அதைவிட நீண்ட நேரம் திறந்திருக்கும். ஒரு சிலிண்டர் புகையை வெளியே தள்ளி முடிப்பதற்குள் அடுத்தது தன் முழு அழுத்தத்தோடு அதே வாய்க்குள் ஊதுகிறது. பழைய புகை திரும்ப உள்ளே வருகிறது. புதுக் கலவைக்கு இடம் குறைகிறது. சூடும் நடுவிலேயே குவிகிறது. விரிசல் விட்ட பிளாக்குகளை எடுத்துப் பார்த்தால் நடு சிலிண்டர்களில்தான் பாதிப்பு அதிகம்.

மூன்றாவது குறை சுருக்க விகிதம், அதாவது பிஸ்டன் மேலே வரும்போது கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது. வால்வைத் தாண்டி வரும் கலவை மேலே எழுந்து, பக்கவாட்டில் திரும்பி, சிலிண்டர் வாய்க்குள் இறங்க வேண்டும். அந்தக் கூரை உயரமாக இருந்தால் காற்று தாராளமாகப் பாயும், சுருக்கம் குறையும். கூரையைத் தாழ்த்தினால் சுருக்கம் கூடும், காற்று மூச்சு முட்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் பெற வழியில்லை. 1932-இல் விகிதம் 5.5-தான். ரேஸ் ஹெட் போட்டாலும் 8-க்கு மேல் போகப் போக ஒவ்வொரு புள்ளிக்கும் காற்றோட்டத்தில் இழப்பு தெரியும்.

நான்காவது, கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் மூன்றே மூன்று. வேகம் 5,000 சுற்றைத் தாண்டினால் கிராங்க் வளையத் தொடங்கும். 1936 வரை அந்த பேரிங்கும் உருக்கி ஊற்றிய வெள்ளை உலோகம். மாற்றிப் போடக்கூடிய ஷெல் பேரிங் அதற்குப் பிறகுதான்.

மருந்துகள்

தொடக்கத்தில் வி8-ஐ வேகக்காரர்கள் நம்பவில்லை. மாடல் டி, மாடல் ஏ நான்கு சிலிண்டர் இன்ஜின்களுக்கு வின்ஃபீல்ட், ரைலி, கிரேகர் என்று நல்ல ஹெட்டுகளும் கார்புரேட்டர்களும் ஏற்கெனவே இருந்தன. மொஹாவி பாலைவனத்தின் வறண்ட ஏரிகளில் பல ஆண்டுகள் அந்த நான்கு சிலிண்டர் கார்களே வி8-ஐத் தோற்கடித்தன. 1937 நவம்பரில் கிளப்புகள் கூடி தெற்கு கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷனைத் தொடங்கின. மறு ஆண்டு மியூராக் ஏரியில் அதன் நேரக் கணக்கு ஓட்டங்கள் ஆரம்பித்தன. ஒரே தளம், ஒரே கடிகாரம், வகுப்பு பிரித்த பட்டியல் என்று ஆனபின் எந்தப் பாகம் வேலை செய்கிறது என்பதை எவரும் மறைக்க முடியாமல் போனது. ஹாட் ராட் தொழிலை வளர்த்தது அந்தக் கடிகாரம்தான் என்று சொன்னால் மிகையில்லை.

கார் மெக்கானிக் விக் எடெல்பிராக் 1938-இல் ஒரு 1932 ரோட்ஸ்டரை வாங்கினார். கடையில் கிடைத்த மேனிஃபோல்ட் மனத்துக்குப் பிடிக்காமல், இரண்டு ஸ்ட்ரோம்பெர்க் 97 கார்புரேட்டர் வைக்கும் ‘ஸ்லிங்ஷாட்’ மேனிஃபோல்டைத் தானே வடிவமைத்தார். 1941-இல் ரோஸமண்ட் ஏரியில் அந்தக் கார் மணிக்கு 121 மைலைத் தாண்டியது. அவரிடம் ஹெட், எட் வின்ஃபீல்டிடமும் பின்னர் எட் இஸ்கெண்டரியனிடமும் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), வேறொருவரிடம் இக்னிஷன் என்று ஒரு தெருத் தொழில் முளைத்தது. ‘முக்கால் ரேஸ்’, ‘ஃபுல் ரேஸ்’ என்ற சொற்கள் அந்தக் கேம்களின் கூர்மையைக் குறிக்கத்தான் வந்தன.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது இந்தத் தெருத் தொழிலுக்குத் தேவையான எல்லாம் ஒன்றுகூடின. விமானத் தொழிற்சாலைகளில் லேத்தும் வெல்டிங்கும் பழகிய கைகள், இராணுவத்தை விட்டு வந்தவர்களின் சம்பளப் பணம், காயலான் கடைகளில் குவிந்த ஃபோர்டு வி8 கார்கள். அலெக்ஸ் ஸைடியஸ் 1946 மார்ச்சில் பர்பாங்கில் சோ-கால் ஸ்பீட் ஷாப்பைத் திறந்தார். பில் பர்க் போர் விமானத்தின் வயிற்றில் தொங்கவிடும் எரிபொருள் தொட்டியை வாங்கி, அதையே கார் உடலாக்கினார். 1948 ஜனவரியில் ஹாட் ராட் இதழ் வந்தது. 1949 ஆகஸ்டில் யூட்டாவின் பானவில் உப்புவெளியில் முதல் வேக வாரம். 1950-இல் ஸைடியஸும் டீன் பாச்சலரும் கொண்டுவந்த ஸ்ட்ரீம்லைனர், எடெல்பிராக் தயாரித்த மெர்குரி பிளாட்ஹெட்டோடு, ஒரு வழி ஓட்டத்தில் மணிக்கு 210 மைல் காட்டியது. 65 குதிரையில் பிறந்த வடிவம் பதினெட்டு ஆண்டில் வந்து நின்ற இடம் அது.

அதே 1950-இல் கில்மோர் மைதானத்தில் நடந்த சிறிய ரேஸ் கார் போட்டி ஒன்றும் இங்கே சேர வேண்டும். ராட்ஜர் வார்ட் ஓட்டிய எடெல்பிராக் கார், வி8-60 என்ற 136 கன அங்குலக் குட்டி பிளாட்ஹெட்டோடு, யாராலும் அசைக்க முடியாது என்றிருந்த ஆஃபன்ஹவுஸர் ரேஸ் இன்ஜின்களை வென்றது. எரிபொருளில் நைட்ரோமீதேன் கலந்திருந்தார்கள். நைட்ரோமீதேன் தன்னோடு ஆக்சிஜனைச் சுமந்து வருகிறது. உள்ளே இழுக்கும் காற்று போதாத இன்ஜினுக்கு அதைவிடப் பொருத்தமான மருந்து வேறில்லை.

239-லிருந்து 296 வரை

பெரிய கொள்ளளவு வேண்டுபவர்கள் செய்த வேலை இன்றும் அப்படியே செல்லும். 1946–48 காலத்து பிளாக்கை எல்லாரும் 59ஏ என்பார்கள். 1949–53 பிளாக்கை 8பிஏ என்பார்கள். இரண்டிலும் அசல் போர் 3 3/16. மெர்குரியின் 4 அங்குலக் கிராங்கை இறக்கினால் 255 கிடைக்கும். ஸ்ட்ரோக் 1/4 அங்குலம் கூடினால் பிஸ்டன் மேலே 1/8 அங்குலம் அதிகமாக எழும். ஆகவே கனெக்டிங் ராடை (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) கோக்கும் பின் (pin) நுழையும் துளை அந்த அளவு மேலே தள்ளப்பட்ட பிஸ்டன்தான் வாங்க வேண்டும். பழைய பிஸ்டனையே போட்டால் ஹெட்டில் இடிக்கும்.

அதற்கு அடுத்த படி கிராங்கை ஆஃப்செட்டாக அரைப்பது. மெர்குரி கிராங்கில் கனெக்டிங் ராட் பூட்டும் உருளைப் பகுதியின் (ராட் ஜர்னல்) விட்டம் ஏறத்தாழ 2.14 அங்குலம். மையத்தைச் சற்று வெளியே தள்ளி 2 அங்குலமாக அரைத்தால் ஸ்ட்ரோக் 4 1/8 ஆகும். அந்த ஜர்னலுக்கு இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய சிறிய கனெக்டிங் ராட் பொருந்தும். இதோடு போரை 3 3/8 ஆக்கினால் கணக்குப்படி 295, பேச்சு வழக்கில் 296 கன அங்குலம், ஏறத்தாழ 4.84 லிட்டர். ‘3/8 பை 3/8’ என்று அவர்கள் சொன்னது இதைத்தான்: 3 3/8 அங்குல போர், அசல் 3 3/4 அங்குல ஸ்ட்ரோக்கோடு கூடுதலாக 3/8.

ஆனால் 3 3/8 போர் எல்லா பிளாக்குக்கும் ஒத்துவராது. கரு நகர்ந்த பிளாக்கில் சுவர் எந்த இடத்தில் மெல்லியது என்று வெளியிலிருந்து தெரியாது. முன்பு குருட்டு நம்பிக்கையில் போரிங் போட்டார்கள். பல பிளாக்குகள் அப்படித்தான் தண்ணீர் வெளியே வந்து வீணாயின. இன்று அல்ட்ராசானிக் கருவி உண்டு. ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், நான்கு திசையில் அளந்து குறித்துக்கொண்ட பிறகே அளவை முடிவு செய்ய வேண்டும். சாலையில் ஓட்டப்போகும் காருக்கு 3 5/16-ஓடு நிறுத்திக்கொள்வதே நல்லது. மெல்லிய சுவர் சூட்டில் நெளியும், ரிங் சரியாக உட்காராது, ஆயில் எரியும்.

பிளாக்கைத் தயார் செய்தல்

ஹெட்டைக் கழற்றுவதிலேயே பொறுமை சோதிக்கப்படும். ஒவ்வொரு பக்கமும் 24 இடத்தில் இறுக்கியிருக்கும் (1938-க்கு முந்தியவற்றில் 21). 59ஏ-யில் அவை ஸ்டட் (பிளாக்கில் நிலையாக முறுக்கி நிற்கும் மரைக்கம்பி), 8பிஏ-யில் போல்ட். பல ஸ்டட் துளைகள் தண்ணீர்ப் பாதை வரை இறங்குவதால் உள்முனை துருப்பிடித்துப் பிளாக்கோடு ஒன்றாகியிருக்கும். அலுமினிய ஹெட்டானால் அலுமினிய உப்பு ஸ்டட்டைச் சுற்றிக் கல்லாக இறுகியிருக்கும். ஆப்பு அடித்து நெம்பினால் ஹெட்டின் அடித்தளம் கீறிப் பாழாகும். துரு நீக்கும் எண்ணெயை நாள்கணக்கில் ஊறவிட்டு, ஸ்டட்டைச் சூடாக்கி ஆறவிட்டு, திரும்பவும் ஊறவிடுவதே வழி. முறிந்துவிட்டால் சரியாக மையம் பிடித்துத் துளையிட வேண்டும். கை டிரில்லால் கோணலாக இறங்கிய துளைகளை எத்தனையோ பிளாக்குகளில் காணலாம்.

அடுத்து, தண்ணீர்ப் பாதையைச் சுத்தம் செய்தல். கொதிக்கும் பிளாட்ஹெட்டுக்கு ரேடியேட்டரை மாற்றுகிறார்கள், ஃபேனை மாற்றுகிறார்கள், எலக்ட்ரிக் பம்ப் வைக்கிறார்கள். உள்ளே பிளாக்கில் கிடக்கும் மணலைத் தொடுவதில்லை. எல்லா மூடிகளையும் கழற்றி, பிளாக்கை உலையில் சுட்டு, உலுக்கி, வளைந்த கம்பியால் ஒவ்வொரு துளை வழியாகவும் சுரண்டி, அழுத்தத் தண்ணீரால் கழுவி, தெளிந்த நீர் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வார்ப்புக் கம்பி தட்டுப்பட்டால் முறித்து இழுத்து எடுக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் கொதிக்கும் பிரச்சினையில் பெரும்பங்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

சுத்தம் ஆன பிறகே விரிசல் சோதனை. காந்தத் தூள் முறையில் மேல்தளம் முழுக்கப் பார்த்து, பிறகு தண்ணீர்ப் பாதையை அடைத்து அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஸ்டட் துளைக்கும் அருகிலுள்ள தண்ணீர்த் துளைக்கும் இடையில் ஓடும் சிறு விரிசல் மிகச் சாதாரணம். வார்ப்பிரும்புத் திருகாணிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வரிசையாக இறக்கித் தைத்துவிடலாம். எக்ஸாஸ்ட் வால்வு சீட்டிலிருந்து சிலிண்டருக்குள் இறங்கும் விரிசல் வேறு ரகம். சீட்டை மாற்றி, சிலிண்டருக்கு ஸ்லீவ் (உள்ளுறை) இறக்கினால் ஓடும். ஆனால் செலவு இன்னொரு பிளாக்கின் விலையை எட்டலாம். பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து, ஆயில் சட்டி பொருந்தும் விளிம்பை ஒட்டி நீளமாகப் பிளந்த பிளாக்கை விட்டுவிடுங்கள்.

போரிங்குக்குப் பிறகு ஹோனிங் (சிலிண்டர் சுவரை உரசி மெருகேற்றுதல்) செய்யும்போது மேலே கனத்த தட்டு ஒன்றைப் பூட்டி, ஹெட் இறுக்கும் அதே அளவுக்கு இறுக்கியே செய்ய வேண்டும். ஸ்டட் இழுப்பில் சிலிண்டர் வாய் கோணும். தட்டில்லாமல் செய்த துல்லியமான வட்டம் ஹெட்டை இறுக்கியதும் வட்டமாக இருக்காது.

எக்ஸாஸ்ட் நடு வாய்க்குள் இரும்புத் தகட்டுத் தடுப்பு ஒன்று வைத்து இரு சிலிண்டரின் புகையையும் பிரிப்பது பழைய ரேஸ் வழக்கம். ஹெடர் என்ற வெளிப் புகைக்குழாயும் அதற்கேற்பப் பிரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பிரித்தது வெளியே சேர்ந்துவிடும். ‘ரிலீவ்’ செய்தல், அதாவது வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள தளத்தை 1/8 அங்குலம்போல் செதுக்கித் தாழ்த்துதல், சூப்பர்சார்ஜர் வைத்த இன்ஜினுக்கு நியாயம். சாலை இன்ஜினில் அது சுருக்கத்தைத் தின்றுவிடும். அங்கே அதைச் செய்யாமலிருப்பதே மேல்.

ஹெட்டை மூடும் முன் களிமண் சோதனை. பிஸ்டன் மேலும் வால்வுகள் மேலும் மாடலிங் களிமண்ணை வைத்து, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். களிமண்ணை வெட்டி அளந்தால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் 0.040 முதல் 0.050 அங்குலம் வேண்டும். வால்வுக்கு மேலே 0.050-க்குக் குறையக் கூடாது. பெரிய கேம் போட்டவர்கள் இதைத் தவிர்த்தால் முதல் நாளே வால்வு வளையும்.

அசல் டேப்பட்டில் (கேமுக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையில் நிற்கும் துண்டு) சரிசெய்யும் திருகு இல்லை. வால்வுத் தண்டின் நுனியை அரைத்துத்தான் இடைவெளி வைக்க வேண்டும். ஒரு தடவை அதிகமாக அரைத்தால் வால்வு வீண். அதனால்தான் திருகு வைத்த டேப்பட் முதல் வாங்கும் பாகமாக இருந்தது. இன்டேக் 0.012, எக்ஸாஸ்ட் 0.014 முதல் 0.016 அங்குலம் என்று வைத்தால் சாலைக் கேமுக்குப் போதும். ஸ்டட் மரைகளில் சீலர் பூசி, நடுவிலிருந்து வெளிநோக்கி மூன்று கட்டமாக 50 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள். ஓடிச் சூடேறிய பின் மறுபடி இறுக்க வேண்டும். இரும்பு ஹெட்டைச் சூட்டோடு இறுக்கலாம். அலுமினிய ஹெட்டை முழுக்க ஆறிய பிறகே இறுக்க வேண்டும், ஏனெனில் அலுமினியம் அதிகம் விரிந்து ஸ்டட்டை ஏற்கெனவே இழுத்துப் பிடித்திருக்கும்.

தண்ணீர், தீப்பொறி, பெட்ரோல்

1936 வரை இரண்டு தண்ணீர் பம்புகளும் ஹெட்டின் முன்பக்கத்தில் நின்று சூடான நீரை உறிஞ்சின. சூடான நீரை உறிஞ்சும் பம்பில் ஆவிக்குமிழ் உண்டாகி ஓட்டம் அறும். 1937-இல் பம்புகளை பிளாக்கின் அடிமுன்னால் மாற்றி, ஆறிய நீரை உள்ளே தள்ளவைத்தார்கள். அப்போது எதிர்ப்பக்கப் பிரச்சினை வந்தது. நீண்ட தூரம் வேகமாகப் போகும்போது பம்புகள் ரேடியேட்டர் தாங்குவதைவிட அதிகமாகத் தள்ளி, மேல்தொட்டி நிறைந்து, வழிகுழாய் வழியாக நீர் சாலையில் கொட்டும். ஓட்டுநர் ‘கொதிக்கிறது’ என்று நினைப்பார். உண்மையில் நீர் தீர்ந்துபோய்ச் சூடேறியிருக்கும். மேல் ஹோஸ் இரண்டிலும் தெர்மோஸ்டாட் வைத்தால் இது அடங்கும். ரேஸ்காரர்கள் 5/8 அங்குலத் துளையிட்ட வாஷரை ஹோஸுக்குள் செருகினார்கள், அதே பலன்.

59ஏ ஹெட்டின் நீர்வாய் நடுவில், 8பிஏ-யில் முன்னால். தண்ணீர்த் துளைகளும் அதற்கேற்ப வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஹெட்டையோ கேஸ்கெட்டையோ மற்றதில் போட்டால் ஸ்டட் எல்லாம் பொருந்தும், இன்ஜினும் ஓடும், பின் சிலிண்டர்களில் மட்டும் நீர் தேங்கிச் சூடேறும். காரணம் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் அலைய வைக்கும் தவறு இது. கேஸ்கெட்டை பிளாக்கின் மேல் விரித்து ஒவ்வொரு துளையையும் கண்ணால் ஒப்பிடுங்கள்.

தீப்பொறி தாமதமானாலும் பிளாட்ஹெட் சூடேறும். எரிதல் தாமதித்தால் வெப்பம் பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதிலாகப் புகைப்பாதைக்குள் போகிறது. அந்தப் பாதையோ பிளாக்கின் நடுவில் ஓடுகிறது. 59ஏ-யில் டிஸ்ட்ரிப்யூட்டர் நேரே கேமின் முன்முனையில் பூட்டியிருக்கும், சுழற்றிச் சரிசெய்ய முடியாது. கழற்றி, மேசைமேல் தனிக் கருவியில் வைத்தே டைமிங் வைக்க வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பாகத் தொடக்கத்தில் 4 டிகிரி, மொத்தம் 22 முதல் 24 டிகிரி வரை போதும்.

ஸ்ட்ரோம்பெர்க் 97-இன் பெயரிலுள்ள எண் அதன் வென்சூரியின் (காற்று போகும் குறுகிய கழுத்து) விட்டம், 0.97 அங்குலம். ஒரே ஒரு 97 முழு வி8-க்கே போதுமானதாக வடிவமைக்கப்பட்டது. மூன்றை வரிசையாக வைத்து மூன்றையும் ஒன்றாகத் திறந்தால், அசல் கேம் உள்ள இன்ஜின் நகரத்தில் கறுப்புப் புகை கக்கும், பிளக் நனையும். நடுவிலுள்ளதை முதலிலும், ஓரத்து இரண்டையும் பாதி மிதிக்குப் பிறகும் திறக்கும் இணைப்புக் கம்பி வையுங்கள். இரண்டே போதுமென்றால் இரண்டோடு நிறுத்துங்கள். இதன் நீடில் வால்வு 2.5 பவுண்டு அழுத்தத்துக்கு மேல் தாங்காது. எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் போட்டவர்கள் ரெகுலேட்டரும் போட வேண்டும். இல்லாவிட்டால் சூடான மேனிஃபோல்டின் மேல் பெட்ரோல் வழியும். அசல் பம்ப் இன்டேக் மேனிஃபோல்டின் பின்பக்கத்தில், சூட்டின் நடுவில் இருப்பதால் வெயிலில் நின்று கிளம்பும்போது பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைபடுவதும் உண்டு.

இன்ஜினைச் செய்து முடித்தவர் கியர் பாக்ஸையும் பிரேக்கையும் மறந்தால் ஆபத்து. 1932 கார் இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக்கோடு வந்தது. ஃபோர்டு 1939-இல்தான் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது. 1939–48 காரின் பிரேக்கை முன்னும் பின்னும் 1932 சேஸிஸில் மாற்றுவது ஹாட் ராடர்கள் எல்லாரும் செய்த வேலை. 1939 கியர் பாக்ஸில் லிங்கன் ஸெஃபிர் காரின் பற்சக்கரங்களை இறக்குவதும் அப்படியே.

நான்காவது வாய்

நோயின் மூலத்துக்கே மருந்து செய்தவர்கள் பொறியாளர் ஸோரா ஆர்கஸ்-டன்டோவும் அவர் தம்பி யூராவும். 1947-இல் அவர்களது ஆர்டன் நிறுவனம் பிளாட்ஹெட்டின் மேல் பூட்டும் அலுமினிய ஹெட் ஒன்றைக் கொண்டுவந்தது. வால்வு மேலே, அரைக்கோள எரியறை, புகை ஹெட்டிலிருந்தே நேராக வெளியே. பிளாக்கைக் கடக்கும் புகைப்பாதைகள் வேலையற்றுப்போயின. சூடேறும் ஃபோர்டு லாரிகளுக்காகச் செய்தது. விலை காரணமாக லாரிக்காரர்கள் வாங்கவில்லை. வேகக்காரர்கள் வாங்கினார்கள். ஆனால் அகலமும் விலையும் அதிகம், மூன்று மெயின் பேரிங் அப்படியே இருந்தது. அதனால் அதுவும் சில நூறு செட்டுகளைத் தாண்டவில்லை.

1949-இல் காடிலாக் 331 கன அங்குல, மேல்வால்வு வி8-ஐ 160 குதிரையோடு விற்றது. அதே ஆண்டு ஓல்ட்ஸ்மொபீல். 1951-இல் கிரைஸ்லர் 180 குதிரை. பிளாட்ஹெட்டை அடிமுதல் திருத்தி, கேம், ஹெட், கார்புரேட்டர் எல்லாம் வாங்கி எட்டிப் பிடிக்கும் திறன், விபத்தில் நொறுங்கிய காடிலாக்கிலிருந்து கழற்றிய இன்ஜினில் தொழிற்சாலையிலிருந்தே இருந்தது. கஸ்டம் உலகின் மிகப் புகழ்பெற்ற கார், பாப் ஹிரோஹாட்டாவுக்காக லின்வுட்டில் பாரிஸ் சகோதரர்கள் கூரை தாழ்த்திச் செய்த 1951 மெர்குரி. 1953-இல் அதன் பிளாட்ஹெட்டைக் கழற்றிவிட்டுக் காடிலாக் இன்ஜினைப் போட்டார்கள். அழகுக்காகச் செய்த காரே பிளாட்ஹெட்டைக் கைவிட்டபோது அதன் காலம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க ஃபோர்டு கார்களுக்கும் அதுவே பிளாட்ஹெட்டின் கடைசி ஆண்டு.

அந்த 1953 டிசம்பரில், ஷெவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்திருந்த ஸோரா தன் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஹாட் ராட் இளைஞர்கள் ஃபோர்டோடு வளர்கிறார்கள், அவர்களின் இதழ்கள் ஃபோர்டால் நிறைந்திருக்கின்றன, ஷெவ்ரலே அவர்களுக்கு வேகப் பாகங்களைக் கையெட்டும் இடத்தில் வைத்தால்தான் மனம் மாறுவார்கள் என்பது அதன் சாரம். 1955 மாடலில் ஷெவ்ரலேயின் 265 கன அங்குல வி8 வந்தது. அடிப்படை வடிவிலேயே 162 குதிரை, மெயின் பேரிங் ஐந்து. ஒரு பக்கத்துக்கு நான்கு சிலிண்டர். புகை வாயும் நான்கு.